இங்கிலாந்தில் மண்பாதை யாருடையது? டிஃபெண்டர் வாங்கிய தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரெடிங்கில் வேலை, பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். ஜனவரியில் ஒரு ஞாயிறு, பெர்க்‌ஷயர் டவுன்ஸ் பக்கம் மேப்பில் இருந்த மண்பாதையில் போனபோது ஒரு விவசாயி டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி, இது என் நிலம், போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தியிருக்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா, நம் நிறத்தைப் பார்த்துத்தான் கத்தினாரா என்று கேட்கிறீர்கள்.

நிறத்தைப் பற்றி முதலில். அவர் மனதில் என்ன இருந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. நிறத்தைச் சொல்லித் திட்டியிருந்தால் தயங்காமல் போலீஸில் புகார் கொடுங்கள். ஆனால் மண்பாதையில் மோட்டார் வண்டி போகலாமா என்ற சண்டை இங்கே உள்ளூர்க்காரர்களுக்குள்ளேயே பல காலமாக நடக்கிறது. ஓட்டுபவர்கள் பக்கம் டிரெயில் ரைடர்ஸ் ஃபெலோஷிப், கிரீன் லேன் அசோசியேஷன் என்ற சங்கங்கள். எதிர்ப்பக்கம் மண்பாதைகளில் மோட்டார் வண்டி கூடாது என்னும் கிளீம் அமைப்பு. டோர்செட் கவுன்டியில் சில பாதைகளை மோட்டார் வண்டிக்கும் உரியவையாகப் பதிவு செய்யக் கேட்டுப் போட்ட விண்ணப்பங்களில் இணைத்த மேப்பின் அளவுகோல் சரிதானா என்ற ஒரே கேள்வி 2015-இல் சுப்ரீம் கோர்ட் வரை போனது. அதிலும் நீதிபதிகள் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். அந்த விவசாயி உங்களுக்கு முன்பு எத்தனையோ பேரிடம் இதே குரலில் கத்தியிருக்கக்கூடும்.

உரிமை விஷயத்துக்கு வருவோம். நம்மூரில் புலப்படத்தில் வண்டிப்பாதை என்று இருந்தால் பட்டாக்காரர் அதை அடைக்க முடியாது அல்லவா, இங்கே அந்த இடத்தில் இருப்பது கவுன்சில் வைத்திருக்கும் டெஃபினிடிவ் மேப், அதாவது பொதுப்பாதைகளின் அதிகாரபூர்வப் பதிவு வரைபடம். அதில் பொதுப்பாதை நான்கு வகை. ஃபுட்பாத்தில் நடக்கலாம்; பிரைடில்வேயில் குதிரையும் சைக்கிளும் போகலாம்; ரெஸ்ட்ரிக்டட் பைவேயில் குதிரை வண்டி வரைக்கும் சரி. மோட்டார் வண்டிக்கு உரிமை உள்ளது நான்காவது வகையில், அதாவது 'பைவே ஓப்பன் டு ஆல் டிராஃபிக்' என்று பதிவானதில்தான். அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் மேப்பில் அது பச்சைச் சிலுவைக் குறிகளாக ஓடும். பாதையோர வழிகாட்டிக் கம்பத்தில் இருக்கும் அம்பு சிவப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு, நீலம் குதிரைக்கு, கத்தரிப்பூ நிறம் ரெஸ்ட்ரிக்டட் பைவே. இந்த மூன்றில் எதில் ஓட்டினாலும் 1988-ஆம் ஆண்டு ரோடு டிராஃபிக் சட்டப்படி குற்றம். பாதைக்கு அடியில் இருக்கும் நிலம் பெரும்பாலும் அந்த விவசாயியுடையதுதான். அதன் மேல் போகும் உரிமை ஊருக்குச் சொந்தம்.

இன்று இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் 2006-இல் வந்த சட்டம். அதற்கு முன்பு, ஒரு பாதையில் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் குதிரை வண்டி போனதற்குப் பழைய ஆவணம் காட்டினால் போதும், இன்றைக்கு மோட்டார் வண்டியும் போகலாம் என்று வாதாட முடிந்தது. ஆடு மேய்ந்த பாதையில் மோட்டார் பைக்குகள் வரிசையாக வரத் தொடங்கின. அப்படிப் பதிவாகாமல் கிடந்த மோட்டார் உரிமைகளில் பெரும்பாலானவற்றை அந்தச் சட்டம் ஒரே வீச்சில் ரத்து செய்தது.

பைவேயாகவே இருந்தாலும் போக்குவரத்துத் தடை உத்தரவு தனியாக இருக்கலாம். நீங்கள் போன பகுதியில் ஓடும் ரிட்ஜ்வே என்ற நெடும்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பைவே பகுதிகளில் பெரும்பாலானவை அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மோட்டார் வண்டிகளுக்கு மூடல். நீங்கள் போனது ரிட்ஜ்வேயிலேயே என்றால், அவர் போலீஸைக் கூப்பிட்டிருந்தாலும் தவறில்லை.

அந்த மூடல் நியாயம் என்பதுதான் என் கருத்து. மழைக்காலத்தில் ஒருமுறை வண்டியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். சுண்ணாம்புக்கல் நிலம் ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். முதலில் போன வண்டியின் சக்கரத் தடத்தில் தண்ணீர் நிற்கும், அடுத்த வண்டி அதை இன்னும் ஆழமாக்கும். தடம் ஆக்சில் அளவுக்கு இறங்கியதும் அதற்கடுத்து வருபவர் பள்ளத்தைத் தவிர்த்து ஓரத்தில் ஏற்றுவார். அந்த ஓரத்தில் விவசாயியின் குளிர்காலக் கோதுமை முளைத்து நிற்கிறது. வசந்தத்தில் அந்தச் சேற்றுத் தடம் காய்ந்து இறுகிவிட்டால் குதிரையில் வருபவருக்கும் கால் வைக்க இடமிருக்காது. பக்கத்து வயலில் சினை ஆடுகள் வேறு. அந்த மனிதரின் கோபம் எனக்குப் புரிகிறது.

அதற்காக, உரிமையுள்ள பாதையை அடைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அது உண்மையிலேயே பைவே, தடை உத்தரவும் இல்லை என்றால், டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியதுதான் குற்றம். 1980-ஆம் ஆண்டு ஹைவேஸ் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் டில்பர்த்வெயிட் பாதையை மோட்டார் வண்டிகளுக்கு மூடச் சொல்லிப் பெரிய போராட்டம் நடந்தது. பூங்கா நிர்வாகம் 2019-இல் மறுத்துவிட்டது, அடுத்த வருடம் ஹைகோர்ட்டும் அந்த முடிவில் தலையிடவில்லை. எதிர்ப்பு பலமாக இருக்கிறது என்பதற்காக உரிமை தானாகப் போய்விடாது.

ஆனாலும் அந்த இடத்திலேயே நின்று வாதாடாதீர்கள். வணக்கம் சொல்லி, ரிவர்ஸ் எடுத்து வந்துவிடுங்கள். இடம், நேரம், ஒரு போட்டோ போதும். கவுன்சிலின் பொதுப்பாதை அதிகாரிக்கு மெயில் போடுங்கள். பாதையைத் திறந்து வைப்பது அவர்கள் கடமை. நீங்கள் அங்கே மல்லுக்கட்டினால், மற்றவர்களுக்குத் தொல்லை தருகிறீர்கள் என்று போலீஸ் உங்களை எச்சரிக்கலாம், மறுபடியும் நடந்தால் வண்டியையே எடுத்துக்கொண்டு போகலாம். 2002-ஆம் ஆண்டு சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. மண்பாதைதானே என்று எம்ஓடி (வண்டியின் வருடாந்தரச் சோதனை), இன்ஷூரன்ஸ் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். சட்டத்தின் கண்ணில் அதுவும் சாலைதான்.

இந்த வாரமே கவுன்சில் இணையதளத்தில் அந்தப் பாதை எந்த வகை, தடை உத்தரவு உண்டா என்று பாருங்கள். பாரிஷ் (ஊராட்சி மாதிரியான சிறு பகுதி) பெயரும் பாதை எண்ணும் கிடைத்தால் இங்கே எழுதுங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன். திறந்த பாதை என்றால் மே மாதம் தரை காய்ந்த பிறகு மூன்று வண்டிக்கு மேல் சேராமல் போங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடிவிட்டு வாருங்கள்.