பழைய ராணுவ லாரியின் டீசல் செலவைக் குறைக்க முடியுமா?

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 போன்ற லாரியை வாங்கியவர்கள் விரைவில் கேட்கும் கேள்வி இது. குறைக்கலாம், அதிசயம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வெறும் வண்டியே சுமார் 6 டன். அதன் தட்டை முகமோ காற்றைக் கிழிப்பதில்லை, முட்டித் தள்ளுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 65க்கு இறங்கினால், அது மூன்றில் ஒரு பங்கு குறையும். காசில்லாத வைத்தியம், ஆனால் யாருக்கும் பிடிப்பதில்லை!

பிறகு டயர். சேற்றுக்கான முரட்டுப் பட்டைகளை விட்டு நெடுஞ்சாலை ரேடியலுக்கு மாறுங்கள், காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். தேவையில்லாதபோது தார்ப்பாய்க் கூண்டைக் கழற்றிவிடலாம். முன் சக்கரங்களின் நடுவில் பொருத்தி, தேவையில்லாதபோது முன் அச்சைத் துண்டிக்கும் ஹப்புகள் கொஞ்சம் உதவும். உயரமான டயர் போட்டால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும்; அதைத் திருத்தாமல் மைலேஜ் விழுந்துவிட்டதென்று புலம்பாதீர்கள்.