திறொட்டில் சென்சரைக் காதால் சரிசெய்ய முடியுமா?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 1993ஆம் ஆண்டு உற்பத்தியான, பெற்றோலில் ஓடும் டொயோற்றா கொரோலா கார் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்னர் ஐடிலில், அதாவது அக்சிலேற்றரை மிதிக்காமல், நிற்கும்போது எஞ்சின் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் சீராகப் போகும்போதும் பின்னாலிருந்து யாரோ பிடித்திழுத்து விடுவதுபோல வெட்டி வெட்டி ஓடியது. கராஜில் கொடுத்தபோது, திறொட்டில் சென்சரின் இரண்டு திருகாணிகளையும் இளக்கி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடியே அதைத் திருப்பி இறுக்கித் தந்தார்கள். வெட்டுவது குறைந்தது. ஆனால் இப்போது ஐடில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கீழே இறங்குவதில்லை. பெற்றோலும் கூடுதலாகப் போகிறது. சென்சரில் நான்கு வயர்கள் உள்ளன. அதை மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், மாங்குளம்.

பதில்: உடனே மாற்ற வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். அளப்பதற்கு ஒரு மல்ரிமீற்றரும், டப்பட் இடைவெளி பார்க்கப் பயன்படும் ஃபீலர் கேஜும் போதும்.

உங்கள் மெக்கானிக்கைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. 1990களில் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில், மண்ணெண்ணெயில் மொறிஸ், ஒஸ்ரின் கார்களை ஓடவைத்தவர்கள் காதை மட்டுமே நம்பிக் காபரேற்றரைச் சரிசெய்தார்கள். அந்தக் கைப்பழக்கம் பெரியது. காபரேற்றரின் திருகாணியைத் திருப்பினால் எஞ்சினுக்குள் போகும் எரிபொருளோ காற்றோ நேரடியாகவே மாறும். அந்த மாற்றத்தைக் காது உடனே சொல்லிவிடும். திறொட்டில் சென்சர் அப்படிப்பட்டதன்று. அது காற்றையோ பெற்றோலையோ கூட்டிக் குறைப்பதில்லை. எஞ்சினுக்குள் காற்றை விடும் திறொட்டில் தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்ற செய்தியை எஞ்சின் கணினிக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அதைத் திருப்பி ஐடிலைச் சரிசெய்வது, கணினிக்குப் பொய் சொல்லி நமக்கு வேண்டிய சத்தத்தை வாங்குவதாகும். ஓரிடத்தில் சொன்ன பொய் வேறு நான்கு இடங்களில் குழப்பத்தை உண்டாக்கும் என்பதை உங்கள் காரிலேயே பார்க்கிறீர்கள்.

நான்கு வயர்களின் வேலையை அறிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். வி.சி. என்பது கணினியிலிருந்து வரும் 5 வோல்ற். ஈ 2 என்பது அதன் ஏர்த். வி.ரி.ஏ. என்பது தட்டு திறக்கத் திறக்க ஏறிச் செல்லும் வோல்ற்றளவு. நான்காவதான ஐ.டி.எல். ஒரு சிறிய சுவிட்ச். தட்டு முழுவதும் மூடியிருக்கும்போது மட்டும் அது ஈ 2 உடன் தொடும். ஓட்டுபவர் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டார் என்பதைக் கணினி இந்தச் சுவிட்சாலேயே அறிகிறது. எஞ்சின் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது ஐ.டி.எல். தொட்டிருந்தால், வாகனம் தன் உந்துவிசையில் ஓடுகிறது என எடுத்துக்கொண்டு பெற்றோலை நிறுத்திவிடும். வேகம் குறைந்ததும் மீண்டும் கொடுக்கும். நீங்கள் அக்சிலேற்றரை மெல்ல மிதித்திருக்கும்போதும் அந்தச் சுவிட்ச் விலகாமல் இருந்தால், நிறுத்துவதும் கொடுப்பதும் மாறி மாறி நடக்கும். வெட்டி வெட்டி ஓடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். சென்சரை மறுபக்கம் கூடுதலாகத் திருப்பிவிட்டால் சுவிட்ச் தொடவே தொடாது. அப்போது வெட்டுவது நின்றுவிடும். ஆனால் கால் எடுத்தது கணினிக்குத் தெரியாததால் ஐடில் ஒழுங்காக இறங்காது, பெற்றோலை நிறுத்திச் சேமிக்கும் வேலையும் நடக்காது. உங்கள் காரில் நடந்திருப்பது இதுவே என்று நினைக்கிறேன்.

சென்சரைத் தொடுவதற்கு முன் மற்றவற்றைப் பார்த்துவிடுங்கள். அக்சிலேற்றர் கேபிளில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். இறுகியிருந்தால் தட்டு முழுவதும் மூடாது. காற்றுக் குழாயைக் கழற்றித் தட்டைப் பாருங்கள். ஒட்டுசுட்டானிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் கிரவல் பாதையில் வந்து போகும் வாகனங்களில் செம்புழுதியும் எண்ணெய்க் கசடும் சேர்ந்து தட்டின் விளிம்பில் பசைபோலப் படிந்திருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். அதைத் துடைத்தெடுத்த பின்னரே அளவுகள் உண்மையானவையாகும். வெடித்த வெற்றிடக் குழாய்களை மாற்றுங்கள். தட்டின் நெம்பை நிறுத்தும் ஸ்டொப் ஸ்குரூவை மட்டும் தொடவே வேண்டாம்.

இனிச் சோதனை. சாவியை ஓன் நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை இயக்க வேண்டாம். சென்சரின் வயர் கனெக்டர் பூட்டியபடியே இருக்கட்டும். அதன் பின்புறம் வயர் நுழையும் இடத்தால் மெல்லிய குண்டூசியைச் செருகி மீற்றரைத் தொடுங்கள். வயரின் உறையைக் குத்தி அளப்பது தவறு; அந்தச் சின்னத் துளையால் மாரி மழைத் தண்ணீர் இறங்கி, அடுத்த வருடம் உள்ளே செம்பு பச்சை பிடித்திருக்கும்.

வி.சி.க்கும் ஈ 2க்கும் இடையே 4.5 முதல் 5.5 வோல்ற் வரை இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் குற்றம் சென்சரில் இல்லை. வயரையோ கணினிப் பக்கத்தையோ தேட வேண்டும். அடுத்து, ஈ 2க்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ பூச்சியம் வர வேண்டும். இந்த ஒரு அளவைப் பார்க்காததால் ஒரு காலத்தில் நான் ஒரு வானுக்கு இரண்டு சென்சர்களை மாற்றினேன். பணம் கொடுத்தவர் ஒரு விவசாயி. அறுவடைக் காசில் கொடுத்தார். எஞ்சினில் பூட்டியிருந்த ஏர்த் வயரின் வளையம் துருவேறியதே உண்மையான காரணம். அன்றிலிருந்து ஏர்த்தைப் பார்க்காமல் எந்தச் சென்சரையும் நான் கழற்றுவதில்லை.

பிறகு வி.ரி.ஏ.க்கும் ஈ 2க்கும் இடையே அளந்து பாருங்கள். தட்டு மூடியிருக்கும்போது 0.3 முதல் 0.8 வோல்ற், முழுவதும் திறந்தால் 3.2 முதல் 4.9 வோல்ற் என்பது இந்த வகை டொயோற்றா சென்சர்களுக்கான வழக்கமான அளவு. இரு முனை அளவுகளும் சரியாக இருப்பதால் சென்சர் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இடையில் உள்ள வழியே முக்கியம். இதற்கு எண் காட்டும் மீற்றரைவிடப் பழைய முள் மீற்றர் நல்லது. நெம்பைக் கையால், நத்தை நகர்வதுபோல மெல்லத் திறந்தபடி முள்ளைப் பாருங்கள். நல்ல சென்சரில் முள் தடையின்றி ஏறும். தேய்ந்த சென்சரில், ஐடிலைச் சற்றுத் தாண்டிய இடத்தில், முள் ஒரு கணம் துடித்து விழுந்து மீண்டும் எழும். அப்படிப்பட்ட சென்சர் ஒன்றை உடைத்துப் பார்த்தேன்: கறுப்புக் கரிப்பூச்சின் மேல் நகரும் சிறு உலோகத் தொடுகை, பாதையின் தொடக்கத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் பளபளப்பான ஒரு பள்ளத்தை அரைத்திருந்தது, அதற்கப்பால் பூச்சு புதிதாகவே இருந்தது. குழிகளைப் பார்த்துப் பார்த்து நாற்பதில் ஓடும் வாகனத்தில் அந்தத் தொடுகை வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த ஓரிடத்திலேயே கழிக்கிறது. முள் துடித்தால் சரிசெய்வதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். துடிக்காவிட்டால், திருப்பியதால் வந்த கோளாறு மட்டுமே, சரிசெய்தால் போதும்.

சரிசெய்யும் முறை இதுதான். சாவியை ஓஃப் செய்து கனெக்டரைக் கழற்றுங்கள். சென்சர் இப்போது இருக்கும் இடத்தைக் கூரான ஊசியால் கீறி அடையாளமிடுங்கள். திருகாணிகள் பெரும்பாலும் இறுகிப் போயிருக்கும். துரு எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ ட்ரைவரால் மட்டுமே திருப்புங்கள், ஏனென்றால் அந்தத் தலை வழுக்கிவிட்டால் திறொட்டிலின் அலுமினிய உடற்பகுதியில் துளையிடும் நிலை வரும். சென்சர் கையால் அசையும் அளவுக்கு மட்டும் இளக்குங்கள். மீற்றரை ஓம் அளவுக்கு மாற்றி, சென்சரின் ஐ.டி.எல்., ஈ 2 முனைகளில் வையுங்கள். நெம்புக்கும் ஸ்டொப் ஸ்குரூவுக்கும் இடையே, உங்கள் எஞ்சினுக்குரிய கைநூலில் கூறப்பட்டுள்ள தடிப்புடைய ஃபீலர் தகட்டைச் செருகுங்கள். இந்தத் தடிப்பு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அளவு அது என்பதால், கண் மதிப்பில் செய்ய வேண்டாம். தகடு உள்ளே இருக்க, மீற்றர் தொடுகையைக் காட்டும் அந்த நுனிவரை சென்சரை மெல்லத் திருப்பி, அப்படியே பிடித்தபடி இறுக்குங்கள்.

இறுக்கும்போது சென்சர் ஒரு மயிரிழை நகரும். ஆகவே மீண்டும் இரண்டு தகடுகளால் சோதியுங்கள்: கைநூலில் உள்ள மெல்லிய தகட்டை வைக்கும்போது ஐ.டி.எல். தொட வேண்டும், தடித்த தகட்டை வைக்கும்போது விலக வேண்டும். இரண்டும் சரியாக வரும்வரை நான் மூன்று நான்கு தடவைகள் இளக்கி இறுக்குவதுண்டு. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எல்லாம் பூட்டிய பின் ஈ.எப்.ஐ. (பெற்றோல் செலுத்தும் அமைப்பு) பியூசைப் பத்துச் செக்கனுக்கு மேல் கழற்றி வைத்து, கணினியில் பதிவான பழைய கோளாறுக் குறியீடுகளை அழித்துவிடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பின், எயார் கொண்டிஷனை நிறுத்தி, எஞ்சின் அறையில் உள்ள சோதனைப் பெட்டியின் ரி.ஈ. 1, ஈ 1 முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியை ஓன் செய்யுங்கள். செக் எஞ்சின் விளக்கு இடைவெளியின்றி ஒரே சீராக மினுங்கினால் கோளாறு ஒன்றும் பதிவாகவில்லை. நான்கு தடவை மினுங்கி, சற்று நின்று, ஒரு தடவை மினுங்கினால் அது 41. திறொட்டில் சென்சர் சுற்றில் கோளாறு என்று பொருள். 51 வந்தால் ஐ.டி.எல். இன்னும் தொடவில்லையா என்று பாருங்கள், ஆனால் எயார் கொண்டிஷன் ஓடினாலோ அக்சிலேற்றரை மிதித்திருந்தாலோ அதே எண் வரும். டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பார்ப்பதாயின் இதற்குப் பிறகே பாருங்கள்; ஐ.டி.எல். தொடாத எஞ்சினில் டைமிங் விளக்கு காட்டும் அளவை நம்ப முடியாது.

கேள்வி: பழைய வாகன உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த சென்சர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் கடையிலேயே சோதிக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், வவுனியா.

பதில்: உண்டு. மல்ரிமீற்றரைக் கையோடு கொண்டு போங்கள். வி.சி.க்கும் ஈ 2க்கும் இடையே சில கிலோ ஓம் தடை நிலையாகக் காட்ட வேண்டும். பிறகு வி.ரி.ஏ.க்கும் ஈ 2க்கும் இடையே மீற்றரை வைத்து, நடுவில் உள்ள சுழலும் பகுதியைத் தட்டையான ஸ்குரூ ட்ரைவர் நுனியால் மிக மெதுவாகத் திருப்புங்கள். தடை சீராக மாற வேண்டும், எங்கும் அறுந்து முடிவிலியைக் காட்டக் கூடாது. திருப்பியதை விட்டதும் தானாகத் திரும்பி வர வேண்டும். மந்தமாக வந்தால் உள்ளே புழுதியோ தண்ணீரோ போயிருக்கிறது. கனெக்டரின் பூட்டு உடையாமலும், முனைகளில் பச்சை பிடிக்காமலும் இருக்க வேண்டும்.

மேலே பதித்திருக்கும் இலக்கம் உங்கள் பழைய சென்சரின் இலக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒரே தோற்றமுள்ள சென்சர்களில் சில இடமாகவும் சில வலமாகவும் சுழல்பவை. துளைகள் பொருந்திவிட்டன என்பதற்காகப் பூட்டினால் தட்டு சிக்கிக்கொள்ளக்கூடும். ஓடும்போது அக்சிலேற்றர் திரும்பி வராமல் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எனவே எந்தச் சென்சரைப் பூட்டினாலும், எஞ்சினை இயக்குவதற்கு முன் பெடலைப் பலமுறை முழுவதும் மிதித்து விட்டு, தட்டு தடையின்றி மூடுகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: எனது பழைய நிசான் சன்னி காரில் இந்தச் சென்சரையும் ஃபீலர் தகட்டால்தான் சரிசெய்ய வேண்டுமா? என் தம்பியின் காரில் சென்சரைத் திருப்பவே இடமில்லையே?
– ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு.

பதில்: நிசானின் பழைய பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றில் வோல்ற்றளவைப் பார்த்தே சரிசெய்வார்கள். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, சாவியை ஓன் நிலையில் வைத்து, தட்டு மூடியிருக்கும்போது வெளிவரும் வோல்ற்றளவு ஏறத்தாழ அரை வோல்ற்றில் நிற்கும்படி சென்சரைத் திருப்பி இறுக்க வேண்டும். துல்லியமான எல்லை உங்கள் எஞ்சினின் கைநூலில் இருக்கும்.

உங்கள் தம்பியின் காரில் திருகாணிகள் செல்லும் துளைகளைப் பாருங்கள். அவை நீள்வட்டமாக இருந்தால் மட்டுமே சென்சரைத் திருப்பிச் சரிசெய்யலாம். வட்டமாக இருந்தால் அது சரிசெய்வதற்கென அமைக்கப்படவில்லை. அளவு தவறினால் மாற்றுவதே வழி. அந்தத் துளையை அரத்தால் அராவி நீளமாக்கிய வாகனங்கள் இரண்டு என்னிடம் வந்திருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள்.