மெஷின் வந்தால் போதுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

தைவான் நீரிணை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு நாள் சண்டை. நான் கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். நான்கு சிஎன்சி மெஷின்கள். "சீனாவால் உயர்ரக சிப் செய்ய முடியாததற்கு நெதர்லாந்து மெஷின் கிடைக்காதது மட்டும் காரணமில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

என் அப்பா காலத்தில் நல்ல டர்னர் கிடைத்தால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். இன்று பிகாரிலிருந்து வரும் பையன்கள் மூன்றே மாதத்தில் சிஎன்சி ஓட்டுகிறார்கள். புரோகிராம் மெஷினுக்குள் இருக்கிறது; பையன் மாட்டுகிறான், கழற்றுகிறான். கைத்திறன் என்பதெல்லாம் லேத் காலத்துப் பேச்சு. சிப்புக்கும் அதேதானே? அந்த மெஷின் பத்து சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தால் தைவானில் உயர்ரக சிப் செய்யும் டிஎஸ்எம்சி கதை முடிந்தது. சொல்லப்போனால் அதுகூட வேண்டியதில்லை. 2023ல் சீனாவின் ஹுவாவே போனில் 7 நானோமீட்டர் சிப் வந்துவிட்டதே! அப்படியானால் சீனாவுக்கு உயர்ரக சிப்பும் மெஷினும் போகாமல் அமெரிக்கா போட்ட தடை தோற்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?

இன்னொன்று: குஜராத் தொலேராவில் டாடா கட்டும் சிப் ஆலை எந்த ரகம்?

மு., கோவை

*

அன்புள்ள மு.,

உங்கள் கடிதத்தில் இரண்டு வாதங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. மெஷின் இருந்தால் போதும் என்கிறீர்கள். நாலு வரி தள்ளி, அந்த மெஷின் இல்லாமலே சீனா செய்துவிட்டது என்கிறீர்கள். இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாது. நல்லவேளை, இரண்டாவதில் விஷயம் இருக்கிறது, அங்கேதான் வரப்போகிறேன்.

நீங்கள் சொல்லும் அந்த நெதர்லாந்து மெஷின், அதாவது சிப்பின் சுற்றுகளை ஒளியால் சிலிக்கான் தட்டில் அச்சிட ஏஎஸ்எம்எல் நிறுவனம் வெல்ட்ஹோவன் என்ற ஊரில் செய்யும் ஈயுவி மெஷினைப் பற்றி யூடியூபில் போதுமான அளவு வியந்தாயிற்று. உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 வீதம் விழுகின்றன; ஒவ்வொன்றையும் லேசர் இரண்டு முறை அடிக்கிறது; அதிலிருந்து 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி பிறக்கிறது. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்த கண்ணாடிகள் அதை வெற்றிடத்துக்குள் திருப்பித் திருப்பி சிலிக்கான் தட்டின் மேல் விழவைக்கின்றன. உலகில் வேறு யாரும் இதை விற்பதில்லை. சீனாவுக்கு ஒன்றைக்கூட டச்சு அரசு போகவிடவில்லை. எல்லாம் சரி.

ஆனால் அமெரிக்க சிப் கம்பெனியான இன்டெல்லுக்கு யார் தடை போட்டார்கள்? ஈயுவி ஆராய்ச்சிக்காக 1997ல் அமெரிக்க அரசு ஆய்வகங்களோடு கூட்டு சேர்ந்து பணம் போட்டதே இன்டெல்தான். 2012ல் ஏஎஸ்எம்எல்லின் 15 சதவீதப் பங்கையும் வாங்கியது. அப்போது டிஎஸ்எம்சி வாங்கியது 5, சாம்சங் 3. வரிசையில் முதல் ஆளாக நின்றவர்கள், ஈயுவி வைத்துப் பெரிய அளவில் சிப் செய்யத் தொடங்கியது 2023ல், அயர்லாந்து ஆலையில். டிஎஸ்எம்சி 2019லேயே செய்துவிட்டது. நடுவில் இன்டெல்லின் 10 நானோமீட்டர் சிப் (இந்த எண் சிப்பின் தலைமுறையைக் குறிக்கும்; குறையக் குறையப் புதிது) வருகிறேன் வருகிறேன் என்று பல வருடம் இழுத்தடித்தது. சாம்சங்கிடமும் அதே டச்சு மெஷின்தான் இருக்கிறது. ஆனாலும் 2022ல் சிப் வடிவமைக்கும் குவால்காம் தன் உயர்ரக போன் சிப்பை சாம்சங்கிடமிருந்து பிடுங்கி டிஎஸ்எம்சியிடம் கொடுத்தது. ஒரே மெஷின், மூன்று பட்டறை, மூன்று விதமான விளைச்சல்.

உங்கள் பாஷையில் சொன்னால் இது ரிஜெக்‌ஷன் கணக்கு. உங்கள் பம்ப் பாகம் எத்தனை ஆபரேஷன் தாண்டுகிறது? ஐந்தா, ஆறா? ஆயிரத்துக்கு ஒன்று ரிஜெக்ட் ஆனால் சந்தோஷமாகத் தூங்குவீர்கள். உயர்ரக சிப் ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைத் தாண்டுகிறது. ஒரு தட்டு உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம். கால்குலேட்டரை எடுங்கள். ஒவ்வொரு படியிலும் 99.9 சதவீதம் சரியாக நடந்தால் ஆயிரம் படிக்குப் பிறகு நூற்றுக்கு 37 தேறும். 99.99 சதவீதமானால் 90 தேறும். உண்மையான கணக்கு இவ்வளவு எளிமையானதில்லை. ஆனாலும் புள்ளிக்குப் பிறகு இன்னொரு ஒன்பதைச் சேர்ப்பதில்தான் இந்தத் தொழிலின் லாபம் முழுக்க இருக்கிறது என்பது புரிந்தால் போதும். அந்த ஒன்பது மெஷினோடு பெட்டியில் வராது. கெட்டுப்போன சிப்பை மூன்று மாதம் கழித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஆயிரம் படியில் எந்தப் படியில் எந்த வாயு ஒரு இம்மி கூடியது என்று தேடிக் கண்டுபிடித்தவர்களிடம் இருக்கும்.

டிஎஸ்எம்சியை நிறுவிய மோரிஸ் சாங் இதை இளம்வயதிலேயே கற்றவர். 1958ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் சேர்ந்ததும் அவருக்குக் கிடைத்தது ஐபிஎம்முக்காக டிரான்சிஸ்டர் செய்யும் ஒரு லைன். தேறியது ஏறக்குறைய பூஜ்யம். வெப்பத்தையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நூற்றுக்கு இருபதுக்கு மேல் தேறவைத்தார். அந்த நிறுவனத்தில் 25 வருடம். பிறகு தைவான் அரசு அழைத்து, 1987ல் டிஎஸ்எம்சி பிறந்தது. சொந்தமாக சிப் வடிவமைக்க மாட்டோம், அடுத்தவர் வடிவமைப்பைச் செய்துகொடுக்க மட்டும் செய்வோம் என்பது அன்று வேடிக்கையாகத் தெரிந்தது. இன்டெல் முதலீடு செய்ய மறுத்தது. அவருடைய பழைய நிறுவனமும் மறுத்தது. ஆனால் வாடிக்கையாளரோடு போட்டி போடாத பட்டறைக்கு ஊர் வேலையெல்லாம் வந்து சேரும் என்பது கணபதிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை கூடக் கூடக் கெட்டுப்போவதும் கூடும். கெட்டுப்போனதிலிருந்து கற்பதும் கூடும்.

2014ல் டிஎஸ்எம்சி 10 நானோமீட்டர் ஆராய்ச்சியையே மூன்று ஷிப்டாக்கியது. உற்பத்தியை அல்ல, ஆராய்ச்சியை. ஆய்வகம் ராத்திரியும் பூட்டப்படவில்லை. (இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த நைட் ஷிப்ட் பொறியாளர்களின் வீட்டில் கேட்டால் வேறு கதை வரலாம்.) அதே நிறுவனம் அரிசோனாவில் ஆலை கட்டியபோது மெஷினுக்கோ பணத்துக்கோ குறைவில்லை. ஆனாலும் 2023ல் உற்பத்தி தள்ளிப்போகிறது என்று அறிவித்தார்கள். மெஷின்களைப் பொருத்தத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. தைவானிலிருந்து ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

இனி எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். மெஷினில் திறமை இருக்கிறது என்றீர்கள். அந்தத் திறமை மெஷினுக்குள் எப்படிப் போனது?

2000 வாக்கில் சிப் உலகம் 193 நானோமீட்டர் ஒளியில் வந்து முட்டி நின்றது. இன்னும் நுணுக்கமாக அச்சிட அலைநீளம் குறைய வேண்டும். அடுத்தது 157 என்று எல்லோரும் ஒரே மனதாக முடிவெடுத்திருந்தார்கள். இப்படி ஒளியால் அச்சிடும் லித்தோகிராஃபி மெஷினில் அன்று உச்சத்தில் இருந்தது ஜப்பான், நிக்கானும் கேனானும். 157 ஒளி சாதாரணக் காற்றிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சாதாரண லென்ஸ் உதவாது. கால்சியம் ஃபுளோரைடு படிகத்தில் லென்ஸ் செய்ய வேண்டும். அந்தப் படிகமோ ஒளியை இரண்டாகப் பிரித்து இம்சை செய்தது. கோடி கோடியாகப் பணம் அதில் போய்க்கொண்டிருந்தது.

டிஎஸ்எம்சியில் பர்ன் லின் என்றொருவர். வியட்நாமில் பிறந்த சீன வம்சாவளிக்காரர், ஐபிஎம்மில் 22 வருடம் இதே வேலை பார்த்தவர். 2002ல் அவர் சொன்னது: 157ஐ விட்டுத் தள்ளுங்கள். பழைய 193ஐயே வைத்துக்கொண்டு, லென்ஸுக்கும் சிலிக்கான் தட்டுக்கும் நடுவில் தண்ணீரை விடுங்கள்.

அவ்வளவுதான். 193 நானோமீட்டர் ஒளிக்குத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.44. வகுத்துப் பாருங்கள், 134 வருகிறது. எல்லோரும் முட்டி மோதிக்கொண்டிருந்த 157ஐ ஒரே தாண்டலில் தாண்டிவிட்டது. கல்லூரியில் நுண்ணுயிரியல் லேபுக்குப் போனவர்களுக்கு இது புதிதும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியா பார்க்க லென்ஸுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடுவோமே, அதே சங்கதி. ஆனால் விரைந்து நகரும் தட்டின் மேல் தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு குமிழி வந்தாலும் அந்த இடத்து சிப் குப்பை. 157இல் பணம் போட்டவர்கள் கடுப்பானார்கள். ஏஎஸ்எம்எல் மட்டும் சீக்கிரம் ஒப்புக்கொண்டு 2003 கடைசியில் முதல் மெஷினைக் காட்டியது. அதே வருடம் இன்டெல் 157ஐக் கைவிட்டது. நிக்கானும் பிறகு தண்ணீர் மெஷின் செய்தது; ஆனால் விட்ட இடத்தை அதன்பின் பிடிக்கவேயில்லை. ஜப்பான் கையிலிருந்த தொழில் டச்சுக்காரர் கைக்குப் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனக்கு முக்கியமாகத் தெரிவது, மெஷினுக்கு வழி சொன்னவர் மெஷின் கம்பெனிக்காரர் இல்லை, அதை வாங்கி ஓட்டுபவர் என்பது. குமிழியை ஒழித்த அனுபவம் ஓட்டியவர்களிடமும் செய்தவர்களிடமும் பாதிப் பாதியாகத் தங்கியது.

இப்போது உங்கள் ஹுவாவே போன். மேட் 60 ப்ரோ 2023 ஆகஸ்டில் வந்தபோது அமெரிக்க வர்த்தகச் செயலர் ஜினா ரைமாண்டோ சீனாவில் இருந்தார். வேண்டுமென்றே பார்த்து வைத்த முகூர்த்தம் என்று பலரும் நினைத்தார்கள், நானும்தான். அதன் சிப்பை சீனாவின் எஸ்எம்ஐசி செய்தது இதே தண்ணீர் மெஷினில். டிஎஸ்எம்சியின் முதல் 7 நானோமீட்டர் சிப்பும் 2018ல் அந்த மெஷினில் செய்ததுதான். அந்த வருட ஐபோனில் இருந்தது அது. (7 என்பது வெறும் பெயர். அந்த சிப்புக்குள் 7 நானோமீட்டர் அளவுள்ள எதையும் தேடாதீர்கள்.) ஆக, அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஈயுவி ஒரு தடவையில் போடும் கோலத்தை மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் முந்தைய புள்ளியின் மேல் சில நானோமீட்டர் பிசகாமல் உட்கார வேண்டும். படிகள் கூடுகின்றன. கால்குலேட்டர் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? கெட்டுப்போவதும் கூடும், செலவும் கூடும். எஸ்எம்ஐசிக்கு அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள அரசு இருக்கிறது, வேறு போக்கிடம் இல்லாத ஹுவாவே வாடிக்கையாளராக இருக்கிறது. ஓய்வுபெற்ற பர்ன் லின்னே அந்த வருடம், இருக்கிற மெஷினை வைத்து 5 நானோமீட்டர் வரைகூட அவர்களால் போக முடியும் என்றார்.

தடை தோற்றதா? எளிதாக ஆமாம் போட மாட்டேன். விலையை ஏற்றியது, வேகத்தைக் குறைத்தது. 2019ல் டிஎஸ்எம்சி ஈயுவியில் செய்த முதல் சிப்புகளில் ஒன்று ஹுவாவேக்குத்தான். 2020 செப்டம்பரோடு அந்த வழியை அமெரிக்கா மூடியது. மூடாமல் இருந்திருந்தால் ஹுவாவே எஸ்எம்ஐசி பக்கம் திரும்பியிருக்குமா? எனக்குச் சந்தேகம். நல்ல சிப் தைவானில் கிடைக்கும்போது பாதி கெட்டுப்போகும் உள்ளூர் சிப்பை யார் வாங்குவார்? சிப் செய்யும் மெஷின்கள் சீனாவுக்குப் போவதற்கு அமெரிக்கா போட்ட 2022 அக்டோபர் 7 தடைக்குப் பிறகு சீன ஆலைகள் சீன மெஷின்களையும் ரசாயனங்களையும் வாங்கியே தீர வேண்டிய நிலை. வாடிக்கையாளரே இல்லாமல் இருந்த அந்த உள்ளூர்க் கம்பெனிகளுக்கு, கெடுத்துப் பார்த்துக் கற்க இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தை அமைத்துக் கொடுத்தது வாஷிங்டன்.

இதன் சின்ன ஒத்திகை 2019 ஜூலையில் நடந்தது. போர்க்காலக் கட்டாய உழைப்பு வழக்குத் தகராறில், சிப் செய்யத் தேவையான மூன்று பொருட்களைத் தென்கொரியாவுக்கு ஏற்றுமதி செய்ய ஜப்பான் கட்டுப்பாடு போட்டது. அதில் ஒன்று ஹைட்ரஜன் ஃபுளோரைடு. சாம்சங் நிலைகுலையும் என்று எழுதினார்கள். கொரியா தன் ஊரிலேயே அதைச் செய்யப் பணத்தைக் கொட்டியது. 2023 மார்ச்சில் ஜப்பான் கட்டுப்பாட்டை எடுத்தபோது, ஜப்பான் கம்பெனிகள் இழந்த வியாபாரம் முழுதாகத் திரும்பவில்லை.

தொலேரா: டாடாவோடு சேர்ந்திருப்பது தைவானின் பவர்சிப் நிறுவனம். 28 நானோமீட்டரும் அதற்கு முந்தைய தலைமுறைகளும். மேலே சொன்ன பந்தயத்தில் அது இல்லை. அதனால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 2021ல் சிப் இல்லாமல் உலகமெங்கும் கார் ஆலைகள் நின்றது பெரும்பாலும் இந்தப் பழைய ரகங்களுக்காகத்தான். அங்கே நான் பார்க்கப்போவது திறப்பு விழாவை அல்ல. முதல் இரண்டு வருடம் கெட்டுப்போகிற சிப்புகளுக்கு யார் பணம் கட்டுவார், அந்தச் சமயத்திலும் பொறுத்து வாங்கும் வாடிக்கையாளர் யார் என்பதை.

உங்கள் பிகார் பையன்கள் விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். பையன் மாட்டுகிறான், கழற்றுகிறான், சரி. புது பாகம் வந்தால் முதல் நாள் செட்டிங் போடுவது யார்? டூல் தேய்ந்து அளவு ஓடும்போது சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது யார்? அது நீங்களாக இருந்தால், எப்படிக் கற்றீர்கள் என்று விரிவாக எழுதி அனுப்புங்கள். தளத்தில் போடுகிறேன்.