மருத்துவர் பதில்: யாரும் தொடலன்னு சொல்ற பொண்ணுக்கு வயிறு ஏன் பெரிசாகுது?

தங்கச்சி, இதைப் பார்த்த உடனே மகளைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, மீதியை வண்டியில உக்காந்து படிச்சுக்கலாம். முடி கொட்டுது, கழுத்து கருக்குது, முகத்துல பரு, பள்ளிக்கூடத்துல மார்க் குறையுதுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, நடுவுல ஒரே ஒரு வரியில "போன வாரத்துலேருந்து ஒண்ணுக்கு சொட்டு சொட்டாத்தான் வருது, பாத்ரூம்ல ரொம்ப நேரம் உக்காந்து அழுவுறா"ன்னு சொல்லிட்டு அடுத்த வரியிலேயே, இயேசுவோட தாய் மரியாள் மாதாவுக்கு ஆம்பள இல்லாம பிள்ளை உண்டான மாதிரி இவளுக்கும் ஆகுமான்னு கேட்டுட்டீங்க. எனக்கு மத்த எல்லாத்தையும் விட அந்த ஒரு வரிதான் பெருசு. ஒண்ணுக்கு சுத்தமா நின்னுடுச்சுன்னா, மூத்திரப்பை நிரம்பி வலி தாங்க முடியலன்னா, காலையில பார்த்துக்கலாம்னு படுக்கக்கூடாது, ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்குப் போகணும், வண்டி இல்லன்னா 999 அடிங்க. அங்க டியூப் போட்டு முதல்ல மூத்திரத்தை எடுத்துடுவாங்க, பிள்ளைக்குப் பாதி உயிர் அப்பவே திரும்பி வந்துடும்.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். வயசு 15, படிவம் 3, மாரு வளர ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆச்சு, இன்னும் வயசுக்கு வரல. ஆனா நாலஞ்சு மாசமா மாசத்துக்கு ஒரு தடவ மூணு நாள் அடிவயிறு வலிச்சு சுருண்டு படுத்துக்கிறா, அப்புறம் தன்னால சரியாயிடுது, இடுப்பும் வலிக்குதுங்கிறா, இப்ப தொப்புளுக்குக் கீழ கெட்டியா ஒரு வீக்கம் தெரியுது. நீங்க இதையெல்லாம் தனித்தனியா எழுதினதாலதான் உங்களுக்குக் கர்ப்பம்னு தோணுது. ஒண்ணாச் சேர்த்து வச்சுப் பாருங்க. மாசாமாசம் வலி வருது, ரத்தம் மட்டும் வரல. என் கணிப்பு, அவளுக்கு மாதவிடாய் எப்பவோ ஆரம்பிச்சிடுச்சு, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு. சில பொண்ணுங்களுக்குப் பிறப்புலேயே கன்னிச்சவ்வுல ஓட்டையே இருக்காது. சின்ன வயசுல அது யாருக்கும் தெரியாது, பெத்த தாய்க்கும் தெரியாது, ஏன்னா அதனால ஒரு தொந்தரவும் இருக்காது. வயசுக்கு வந்தப்புறம் ஒவ்வொரு மாசமும் வர்ற ரத்தம் உள்ளேயே தங்கித் தங்கி, பிறப்புறுப்பு வீங்கி, அப்புறம் கர்ப்பப்பையும் வீங்கி, முன்னால இருக்கிற மூத்திரக் குழாயை அமுக்கும். அதுதான் அந்த சொட்டு மூத்திரம். சிலருக்கு மலமும் இறங்காது.

பார்க்காம நான் முடிவு சொல்ல மாட்டேன். அடைப்பு அந்த சவ்வுல இல்லாம இன்னும் உள்ளாற இருக்கலாம், அப்படின்னா ஆபரேஷன் கொஞ்சம் பெருசு. கருமுட்டைப் பையில கட்டியா இருந்தாலும் வயிறு இப்படித்தான் பெரிசாகும், அதுவும் விட்டு வைக்கிற விஷயம் இல்ல, திடீர்னு ஒரு பக்கமா பிடிச்சிழுக்கிற மாதிரி வலியும் வாந்தியும் வந்தா கட்டி முறுக்கிக்கிச்சான்னு உடனே பார்க்கணும். எல்லாத்துக்கும் வேண்டியது ஒரு ஸ்கேன், வயித்து மேல ஜெல் தடவிப் பார்க்கிற ஸ்கேன், உள்ளுக்குள்ள எதையும் விட மாட்டாங்க. கர்ப்ப டெஸ்ட்டும் எடுப்பாங்க, அதைப் பார்த்து மனசு உடைஞ்சு போகாதீங்க, அடிவயிறு வலின்னு வர்ற எந்தப் பொண்ணுக்கும் எடுக்கிறதுதான், உங்க மகளை சந்தேகப்பட்டு இல்ல.

"மாதாவுக்கு நடந்த மாதிரி இவளுக்கும் நடக்க வாய்ப்பு இருக்கா டாக்டர்"னு கேட்டிருக்கீங்க. இதை நான் தள்ளிவிட்டுப் போகப் போறதில்ல, ஏன்னா நானும் ஞாயித்துக்கிழமை பூசையில விசுவாசப் பிரமாணம் சொல்றவதான், மரியாளிடம் உடல் எடுத்தார்ங்கிற வரி வரும்போது தலை குனியறவதான். திருச்சபை அதை ஒரே ஒரு பிறப்பைப் பத்தி மட்டும்தான் சொல்லுது. எங்கேயாவது எப்பவாவது திரும்ப நடக்கும்னு சொல்லவே இல்ல. வானதூதர் வந்து சொன்னப்ப மரியாளே கேட்டாங்களே, "இது எப்படி நிகழும்? நான் கன்னி ஆயிற்றே!"ன்னு, லூக்கா ஒண்ணாம் அதிகாரத்துல இருக்கு. ஆம்பள இல்லாம பிள்ளை உண்டாகாதுன்னு அந்தக் காலத்து நாசரேத்துப் பொண்ணுக்கும் நல்லாத் தெரியும், அதனாலதான் அது அற்புதம். நம்ம ஊர் மலாய்க்காரங்களும் மரியமை கன்னித்தாய்னுதான் நம்புறாங்க, குர்ஆன்ல அவங்க பேர்லேயே ஒரு அத்தியாயம் இருக்கு, அங்கேயும் அவங்க அதே கேள்வியைத்தான் கேக்குறாங்க. ஆனா கிளினிக்ல இருக்கிற மலாய் மிஸ்ஸி, அதான் நர்ஸ், உங்க மகளைப் பார்த்தா முதல்ல யூரின் டெஸ்ட்டுக்குத்தான் கப்பு குடுப்பாங்க. விசுவாசம் இருக்கிறவங்க டெஸ்ட் எடுக்கக்கூடாதுன்னு எந்த வேதமும் சொல்லல.

ஹாண்ட்ஃபோன்ல நீங்க தேடிப் படிச்சதைப் பத்தியும் சொல்லிடுறேன், இல்லன்னா மறுபடி அங்கதான் போவீங்க. "கன்னிகள் குழந்தை பெத்ததை அமெரிக்க டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க"ன்னு வந்தது ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழோட 2013 கிறிஸ்துமஸ் சமயக் கட்டுரை. அமெரிக்காவுல 7,870 பொண்ணுங்ககிட்ட பல வருஷமா கேள்வி கேட்டு எழுதி வச்சதுல 45 பேர் சொன்னதை வச்சுப் பார்த்தா, உறவு வைக்காமலே கர்ப்பம் ஆன கணக்கு வருது, அவ்வளவுதான். ஜனங்க இந்த மாதிரி கேள்விக்கு சரியா பதில் சொல்றதில்லங்கிறதுதான் அந்தக் கட்டுரையோட சாரமே, யாரும் அங்க அற்புதத்தைக் கண்டுபிடிக்கல. பல்லி, சுறா எல்லாம் ஆண் இல்லாமலே குட்டி போடுதுங்கிற கதையும் அப்படித்தான், அதுலயும் அற்புதம் இல்ல. கொமோடோ டிராகன்ங்கிற பெரிய பல்லி ஆண் இல்லாம முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சது நிஜம், இங்கிலாந்துல ஒரு மிருகக்காட்சி சாலையில 2006ல நடந்தது. ஆனா பாலூட்டிகளுக்கு அது இயற்கையா நடக்காது, சில ஜீன் அப்பாகிட்டேருந்து வந்தாத்தான் வேலை செய்யும், சிலது அம்மாகிட்டேருந்து வந்தாத்தான். 1984ல எலிக்கருவை வச்சு ரெண்டு தனித்தனி ஆராய்ச்சிக் குழு அதைக் காட்டிட்டாங்க, அம்மா பக்கத்து ஜீன் மட்டும் வச்ச கரு பாதியிலேயே நின்னு போச்சு. மனுஷிக்கு அப்படியே நடந்தாலும் ஆண் பிள்ளை பிறக்க வழியில்ல, ஆண் குரோமோசோம் அம்மாகிட்ட கிடையாது. அதனால அறிவியலை வச்சு மாதாவை நிரூபிக்கிற வீடியோவை அனுப்புறவங்ககிட்ட தயவு செஞ்சு அனுப்பாதீங்கன்னு சொல்லிடுங்க, அதால விசுவாசமும் வளராது, படிக்கிற தாய்மாருக்கு இப்படி வீண் குழப்பம்தான் மிச்சம். நீச்சல் குளம், பஸ் சீட்டு, பள்ளிக்கூட டாய்லட், இதுல எல்லாம் கர்ப்பம் வராது. விடுங்க.

நீங்க எழுதாம விட்ட கேள்வி ஒண்ணு இருக்கு, கடிதம் முழுக்க அதுதான் தெரியுது. மக பொய் சொல்றாளா? நான் உங்க இடத்துல இருந்தா அவ சொல்றதை நம்புவேன், அவ சொல்ற ஒவ்வொரு அறிகுறியும் அவ சொல்றதோட ஒத்துப்போகுது. ஒருவேளை டெஸ்ட்ல கர்ப்பம்னே வந்தாலும் அப்பவும் தப்பு அவ மேல இல்ல, தங்கச்சி. நம்ம மலேசியச் சட்டத்துல 16 வயசுக்குக் கீழ உள்ள பொண்ணுகிட்ட ஒருத்தன் உறவு வச்சா அது கற்பழிப்பு, அவ சம்மதிச்சிருந்தாலும் கற்பழிப்புதான். "யாரும் தொடல"ன்னு ஒரு பிள்ளை பயத்துலயும் சொல்லும், யாரோ மிரட்டி வச்சிருந்தாலும் சொல்லும். அப்ப நாம அதை அற்புதம்னு சொல்லி மூடி வச்சா காப்பாத்துறது அந்தப் பிள்ளையை இல்ல, செஞ்சவனைத்தான். ஆஸ்பத்திரியில தனியா வச்சுப் பேசுவாங்க, போலீஸ், வெல்ஃபேர் எல்லாரும் ஒரே இடத்துல வந்து பார்க்கிற ஏற்பாடு இருக்கு. வீட்டுல வச்சுப் பேச முடியலன்னா தாலியான் காசேங்கிற அரசாங்க உதவி லைன், 15999 நம்பருக்கு எந்த நேரத்திலயும் கூப்பிடலாம். இதை எல்லாத் தாய்மாருக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன். உங்க மக விஷயத்துல நான் எதிர்பார்க்கிறது அடைப்புதான்.

அவ அப்பா அடிச்சாருன்னு எழுதியிருக்கீங்க, பள்ளிக்கூடத்தையும் நிறுத்திட்டாருன்னு. லயத்துல நாலு பேர் பேசினதைக் கேட்டுட்டு, வயித்து வலியில துடிக்கிற பிள்ளையை அடிச்சிருக்காரு, எனக்கு இதைப் படிக்கவே கஷ்டமா இருக்கு. அவர் கோயில் கமிட்டியில இருக்கிறவர்ங்கிறீங்க, அப்ப மரியாளுக்கு நிச்சயமான சூசையப்பர் என்ன செஞ்சார்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். மரியாள் கர்ப்பம்னு தெரிஞ்சப்ப, கனவுல தூதர் வந்து விளக்கம் சொல்றதுக்கு முன்னாடியே, அவங்களை ஊர் முன்னாடி அவமானப்படுத்தக்கூடாதுன்னுதான் அந்த மனுஷன் முடிவு பண்ணினாரு, மத்தேயு முதல் அதிகாரம். விளக்கம் கிடைக்காத அந்த நேரத்துல கூட அவர் கை ஓங்கல. இதை நான் சொன்னேன்னு அவர்கிட்ட காட்டுங்க.

அடுத்து ஆபரேஷன். சவ்வை வெட்டினா கன்னித்தன்மை போயிடுமா, நாளைக்குக் கல்யாணத்துல பிரச்சனை வருமான்னு இதே மாதிரி வர்ற அம்மாமார் கேக்காம விட்டதே இல்ல, நீங்களும் கேப்பீங்க. போகாது. அந்த சவ்வு ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒவ்வொரு விதமா இருக்கும், சிலருக்கு இருக்கிறதே தெரியாது, அதைப் பார்த்து ஒரு பொண்ணு கன்னியா இல்லையான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. கன்னித்தன்மை டெஸ்ட்டுன்னு ஒண்ணே கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமும் ஐநாவும் 2018லேயே அறிக்கை விட்டாச்சு. பைபிள்ல சேராத ரெண்டாம் நூற்றாண்டுக் கதை ஒண்ணு உண்டு, இயேசு பிறந்தப்ப சலோமேங்கிற பொம்பள, கைவிட்டு சோதிச்சுப் பார்த்தாத்தான் நம்புவேன்னு மாதாவை சோதிக்கப் போய் அவ கையே வீணாப் போனதா வரும். சந்தேகப்பட்டு அப்படி சோதிச்சது தப்புன்னுதான் அந்தப் பழைய கதையே சொல்லுது. மயக்கம் குடுத்து செய்யற சின்ன ஆபரேஷன்தான் இது, கெட்டியா சாக்லேட் கலர்ல பழைய ரத்தம் வெளியேறும், பிள்ளைக்கு அன்னிக்கே வயிறு லேசாயிடும். அடைப்பு அந்த சவ்வுல மட்டும்னா பின்னால பிள்ளை பெத்துக்கிறதுக்குப் பொதுவா ஒரு குறையும் வராது. வெளிய யாராவது ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துடலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, கிருமி உள்ள போனா கர்ப்பப்பை வரைக்கும் ஏறிடும். என்ன ஆபரேஷன், எதுக்குன்னு எழுதின சீட்டை வாங்கிப் பத்திரமா வைங்க, பின்னாடி யாராவது வாய் திறந்தா அது போதும்.

கோபம் வந்த இடத்தையும் சொல்லிடுறேன். பக்கத்து வீட்டு அக்கா ஆன்லைன்ல வரவழைச்சுக் குடுத்த "பீரியட் வர வைக்கிற மாத்திரை"யை ரெண்டு அட்டை குடுத்திருக்கீங்க, அதுல என்ன மருந்து இருக்குன்னு உங்களுக்கும் தெரியல, அந்த அக்காவுக்கும் தெரியல. கர்ப்பப்பையைச் சுருக்குற மருந்தா இருந்தா, வாசல் மூடியிருக்கிற கர்ப்பப்பை சுருங்கி வலியில பிள்ளை துடிச்சிருக்கும். ஹார்மோன் மாத்திரையா இருந்தா நிறுத்தினதும் இன்னும் ரத்தம் உள்ளேயே இறங்கும். ஜாமுங்கிற மலாய் நாட்டு மருந்து, எள்ளும் வெல்லமும், சின்சேங்கிற சீன வைத்தியர் கடைப் பொடி, எல்லாத்தையும் இன்னியோட நிறுத்துங்க. வலிக்கு பொன்ஸ்தான் மாத்திரையை வெறும் வயித்துல மாசக்கணக்கா குடுத்ததாலதான் இப்ப நெஞ்சு எரியுது, அதுக்கு கேஸ்ட்ரிக் மருந்து வேற. நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு ரிங்கிட் கட்டி கிளினிக் கெசிஹத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்குக் கூட்டிட்டுப் போய் மெழுகுவத்தி ஏத்தினீங்க, நல்லது, அங்கேருந்து திரும்பும்போதே டாக்டர்கிட்டயும் போயிருக்கணும்.

கழுத்து கருக்கிறதுக்கு உடம்பு எடையையும் சர்க்கரையையும் பிறகு பார்த்துக்கலாம். பரு அந்த வயசுக்கு உள்ளதுதான், முடி கொட்டுறதையும் அப்பவே டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்.

சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரிக்கே போங்க, ஸ்பெஷலிஸ்ட் வேணும்னா அவங்களே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. கவுண்டர்ல வயிறு வலின்னு மட்டும் சொல்லி நிக்காதீங்க, "15 வயசு, இன்னும் பீரியட் வரல, மாசாமாசம் வலி, இப்ப ஒண்ணுக்கு சரியா வரல"ன்னு நாலையும் சேர்த்துச் சொல்லுங்க. சாப்பாடு குடுக்காம கூட்டிட்டுப் போங்க, அன்னிக்கே மயக்கம் குடுக்க வேண்டி வரலாம். 18 வயசுக்குக் கீழங்கிறதால கையெழுத்துக்கு நீங்களோ அவ அப்பாவோ இருக்கணும், ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம் எடுத்துக்கங்க. அந்த மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, காலியா இருந்தாலும் கொண்டு போய் டாக்டர் கையில குடுத்து எப்ப எப்ப குடுத்தேன்னு மறைக்காம சொல்லிடுங்க.