ரோமை நடந்தே பார்க்கலாம்: கேட்டதும் சொன்னதும்

ரோமுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் தங்கியது தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு அறைக்கு ஆறு கட்டில் போட்ட விடுதியில். ஊரைச் சுற்றியது நடந்துதான். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கே: மூன்று நாள் போகிறோம். பஸ், மெட்ரோ பாஸ் வாங்கிவிடலாமா?

ப: தேவையில்லை. தெர்மினியிலிருந்து கொலோசியம் நடந்தே அரை மணிக்குள். அங்கிருந்து பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் இன்னொரு அரை மணி. கால் ஓய்ந்துபோனால் 1.50 யூரோவுக்கு ஒரு டிக்கெட் எடுங்கள், 100 நிமிடம் செல்லும். பஸ்ஸில் ஏறியதும் மெஷினில் பதிந்துவிடுங்கள். அப்புறம், புது ஷூ வேண்டவே வேண்டாம். பழைய தெருக்களில் எல்லாம் சான்பியெத்ரீனி என்ற எரிமலைக் கருங்கல் துண்டுகள் பதித்திருக்கும். மேடும் பள்ளமுமாக இருக்கும், மழை பெய்தால் வழுக்கும்.

கே: குடிதண்ணீர் செலவு எவ்வளவு ஆகும்?

ப: ஒரு காசும் ஆகாது. தெருவோரத்தில் இடுப்புயர இரும்புத் தூண் ஒன்று நிற்கும், வளைந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். பெயர் நசோனே, 'பெரிய மூக்கு' என்று பொருள். 1874இல் வைக்க ஆரம்பித்தார்கள். இன்று சுமார் 2,500 இருக்கின்றன. குழாயின் வளைவில் மேல்பக்கம் ஒரு சிறு துளை உண்டு. குழாய் வாயை விரலால் அடைத்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் மேலே பீறிட்டு வரும், குனியாமலே குடிக்கலாம். ஜூலை வெயிலில்கூட ஜில்லென்று இருக்கும்.

கே: எல்லா டிக்கெட்டும் வாங்க வசதியில்லை. இலவசமாக என்னதான் பார்க்க முடியும்?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அருங்காட்சியகத்தில் வரிசையில் நின்று பார்க்க வேண்டிய ஓவியங்கள் ரோமில் தேவாலயச் சுவரிலேயே இருக்கின்றன. காரவாஜ்ஜோ என்ற ஓவியரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சான் லுயிஜி தேய் பிரான்சேசியில் மூன்று, பொப்போலோ சதுக்கத்து சாந்தா மரியாவில் இரண்டு, சாந்த்'அகொஸ்தீனோவில் ஒன்று. ஆறையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

சாந்த்'அகொஸ்தீனோவில் நுழைந்ததும் இடப்பக்கம் முதல் சிற்றாலயம். வாசற்படியில் குழந்தையோடு மாதா நிற்கிறாள். எதிரே இரண்டு ஏழை யாத்ரீகர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். ஆண் யாத்ரீகரின் வெறுங்கால் நம் பக்கம் திரும்பி, ஏறக்குறைய நம் கண்ணுக்கு நேரே இருக்கிறது. பாதம் முழுக்க அழுக்கு. எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பார் என்று அந்தப் பாதமே சொல்கிறது. நானும் அன்றைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் நடந்திருந்தேன். அரை மணி நேரம் நகரவில்லை.

பொப்போலோவில் நான் போனபோது சிற்றாலயம் இருட்டாக இருந்தது. பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பல தேவாலயங்களைப் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள். சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மிக்கேலாஞ்சலோவின் மோசே சிலையும் இலவசம்தான்.

கே: கொலோசியம் இலவச நாள்?

ப: மாதத்தின் முதல் ஞாயிறு. கூட்டம் நெரியும். வத்திக்கான் அருங்காட்சியகம் கடைசி ஞாயிறு, காலையில் மட்டும்.

கே: பாந்தியன் கூரையில் இருக்கும் ஓட்டை வழியாக மழை உள்ளே விழாதாமே?

ப: விழும். சுமார் 9 மீட்டர் அகலத் திறப்பு, மேலே மூடி கிடையாது.

கே (அதே நண்பர்): சூடான காற்று மேலேறி மழையைத் தள்ளிவிடும் என்று எங்கள் வழிகாட்டி சொன்னாரே?

ப: பலரும் சொல்லும் கதை. தரையைப் பாருங்கள்: நடுவில் லேசாக மேடு, அங்கங்கே சிறு துளைகள், மொத்தம் 22. மழை வராத கட்டடத்துக்கு வடிகால் எதற்கு? ஒரு நவம்பரில் நானே நின்று பார்த்தேன். நடுவே கயிறு கட்டி மறித்திருந்தார்கள், பளிங்குத் தரையில் துளிகள் தெறித்துக்கொண்டிருந்தன.

கே (இன்னொருவர்): மழையில் எடுத்த வீடியோ பார்த்தேன், தரை காய்ந்துதான் இருந்தது.

ப: தூறலாக இருந்திருக்கும். 43 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குள் சிதறிவிடும். இன்னொன்று சொல்கிறேன். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று தீயணைப்பு வீரர்கள் கூரைமேல் ஏறி அந்தத் திறப்பு வழியாக ரோஜா இதழ்களைக் கொட்டுவார்கள். இதழ்கள் கீழே நிற்பவர்களின் தலையில் வந்து விழுகின்றன. இதழையே தடுக்காத காற்று மழையையா தடுக்கும்? கட்டியவர்கள் மழையை உள்ளே வரவிட்டு, போவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் கட்டடம், 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. எனக்கு அந்தக் கதையைவிட இதுதான் பெரிது. 2023இல் நுழைவுக்கு 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். கொடுக்கலாம். மழை பற்றி இதற்கு மேல் கேட்க வேண்டாம்.

கே: தெருக்குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

ப: குடிக்கலாம். மேலே எழுதியிருக்கிறேன்.

கே: சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

ப: துண்டு பிட்சா கடைகள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள். பிட்சா ரோஸ்ஸாவில் தக்காளி மட்டும்தான். சுப்ளி என்ற பொரித்த சோற்று உருண்டையில் பல கடைகளில் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். பெகோரினோ என்ற செம்மறிப்பால் சீஸை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைக்கிறார்கள், கண்டிப்பானவர்கள் தவிர்க்கவும். காபியை நின்றபடி குடித்தால் விலை குறைவு.

கே: ஷெங்கன் விசா சீக்கிரம் கிடைக்க வழி?

ப: எனக்குத் தெரிந்த துறை இல்லை. விண்ணப்ப மையத்திலேயே கேளுங்கள்.

கே: அண்ணா, அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. நடக்க வைக்கலாமா?

ப: தாராளமாக, ஆனால் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். நவோனா சதுக்கம், பாந்தியன், கம்போ தே ஃபியோரி, மூன்றும் சமதளம், கிட்டக்கிட்ட. தேவாலய பெஞ்சுகளில் உட்கார வையுங்கள். ஸ்பானியப் படிக்கட்டில் உட்காரக் கூடாது, 2019 முதல் அபராதம் போடுகிறார்கள். அம்மாவுக்கும் பழகிய செருப்போ ஷூவோதான்.

கே: ரெண்டு நாள் போதுமா?

ப: போதாது.

கே: தண்ணீர் பாட்டில் அங்கே என்ன விலை?

ப: காலி பாட்டில் கொண்டுபோங்கள். நசோனே.

கே: அப்பியா நெடுஞ்சாலையை நடந்து பார்த்ததுண்டா?

ப: உண்டு. கி.மு. 312இல் போட ஆரம்பித்த சாலை. ஞாயிற்றுக்கிழமை போங்கள், வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும். பழைய நகர மதிலின் சான் செபாஸ்தியானோ வாசலைத் தாண்டியதும் வரும் பகுதியில் நடைபாதையே கிடையாது, இரு பக்கமும் மதில், மற்ற நாட்களில் கார்கள் உரசிக்கொண்டு போகும். சாலை பிரியும் இடத்தில் சான் கலிஸ்தோ கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்துவிடுங்கள். சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே உள்ளேயே பாதை போகிறது, அந்தப் பக்கம் வெளியே வந்தால் சான் செபாஸ்தியானோ தேவாலயம். அதற்கும் அப்பால் போனால் பழைய பெருங்கற்கள் அப்படியே கிடக்கும், சில கற்களில் சக்கரத் தடம் குழிந்திருப்பதை விரலால் தடவிப் பார்க்கலாம்.