மாடிக் குளியலறைக்கு வெந்நீர்: கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் அறையைச் சூடாக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை என்பதால், மாடிக்கு வேண்டிய வெந்நீரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

தக்கலை: ஐயா, புது வீட்டு மாடியில் இரண்டு குளியலறைகள். சோலாரா, கீசரா?

குளியலறைகள் இரண்டும் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தால், வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் சோலார் வையுங்கள். குழாய் நீண்டால் அதில் ஆறிக் கிடக்கும் தண்ணீரைத் தினமும் காலையில் வீணாகத் திறந்துவிட வேண்டியிருக்கும். 18 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 15 மீட்டர் குழாயில் ஏறத்தாழ 4 லிட்டர் நிற்கும். குளிர்நீர்த் தொட்டியின் அடிமட்டம் சோலார் தொட்டியின் உச்சியைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கூரை வார்ப்பதற்கு முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் சோலார் கைவிடும்; அந்நாட்களுக்காக மின் ஹீட்டர் பொருத்தியதாக வாங்குங்கள். வெந்நீர் செல்லும் வழி முழுவதும் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி குழாயாக இருக்கட்டும். சாதாரண பிவிசி சூட்டில் நெளிந்துவிடும்.

குளச்சல்: எங்கள் போர் தண்ணீர் உப்பு.

சோலாரில் தட்டை வகையின் மெல்லிய செம்புக் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகையைக் கழற்றிக் கழுவலாம். கடற்காற்று சோலார் நிற்கும் தாங்கியையும் அரிக்கும் என்பதால் சாதாரண இரும்புத் தாங்கி வேண்டாம்.

மார்த்தாண்டம்: கீசர் எத்தனை லிட்டர்?

25 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும். 2 கிலோவாட் கீசருக்கு அரை மணி நேரம். குளிர்நீர் கலந்தால் 40 டிகிரியில் மூன்று வாளி கிடைக்கும். எர்த் இல்லாமல் பொருத்தாதீர்கள், சிபிவிசியை மறவாதீர்கள்.

நாகர்கோவில்: சோலாரைத் தெற்கு நோக்கி வைப்பது தவறு, கோடையில் சூரியன் நமக்கு வடக்கே அல்லவா செல்கிறது?

நல்ல கேள்வி, ஆனால் முடிவு பிழை. நாம் ஏறத்தாழ 8 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை தொடங்கி ஆவணி நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது. ஆனால் வெந்நீரை அதிகம் தேடுவது மார்கழியிலும் தையிலும்; அப்போது சூரியன் தெற்கில் தாழ்ந்திருக்கும்.

நாகர்கோவில், மீண்டும்: வடக்கு நோக்கியும் வேலை செய்கிறதே, என் மாமா வீட்டில்?

செய்யும், மார்கழியில் எத்தனை டிகிரி வருகிறது என்று அளந்து பார்த்துவிட்டு வந்து வாதாடுங்கள்.

குலசேகரம்: கீசர் எத்தனை லிட்டரில் வாங்கலாம்?

மார்த்தாண்டத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திங்கள்சந்தை: இடமில்லை, தொட்டியில்லாத மூன்று கிலோவாட் கீசர் போதுமா?

நிமிடத்துக்கு மூன்று லிட்டரளவே இளஞ்சூட்டில் வரும். மேலிருந்து ஷவர் கொட்டும் என்று நினைக்காதீர்கள். இதற்கும் எர்த் வேண்டும்.