பங்குச் சண்டைக்கு முன் ஆட்சியருக்கு ஒரு கடிதம்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில், நான் வாங்கிய மெட்டல் டிடெக்டரை வைத்து நானும் நண்பரும் தேடியபோது, ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு செப்புச் சொம்பும் அதனுள் 11 பழைய தங்கக் காசுகளும், வேறோர் இடத்தில் ஒரு மோதிரமும் கிடைத்தன. 3 வாரமாக எல்லாம் என் வீட்டில் இருக்கின்றன. நகை செய்யும் பத்தர் உருக்கித் தருவதாகச் சொல்கிறார். பாதி தராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று நண்பர் மிரட்டுகிறார். 20 ஆண்டு நட்புக்குத் துரோகம் செய்த அவர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: நட்பு முறிந்ததும், கருவியை யார் வாங்கினார் என்பதும் இங்கே எதையும் தீர்மானிக்கப்போவதில்லை. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் எதுவும் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி புதையல்தான். ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவித்துவிட்டீர்களா என்பதே ஒரே கேள்வி. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அறிவிக்காமல் இருப்பதும், அடையாளம் தெரியாதபடி பொருளை மாற்ற முயல்வதும் அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்பதோடு, உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பங்கும் அரசுக்குப் போய்விடும். முறையாக அறிவித்து, இடத்தின் உரிமையாளரைத் தவிர வேறு யாரும் உரிமை கோராத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு தரச் சொல்லும் சட்டம் இது. அரசே காசுகளை எடுத்துக்கொண்டாலும் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். அதை இழந்துவிட்டு, வழக்கறிஞரான என்னிடம் வந்து நிற்கும் கட்சிக்காரர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்களைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் காவல்துறையின் துப்பு அல்ல, பங்கில் மனம் கசந்த கூட்டாளிதான். பத்தரின் பட்டறைக்கு ஒரு காசு போனாலும் உருக்க முயன்றதற்கு அவரே சாட்சியாகிவிடுவார். எழுத்துத் தெரியட்டும் என்று புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். நண்பருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், காசு உங்களிடம் இருப்பதை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

எனவே சமாதானமாகப் போங்கள். அரசிடமிருந்து என்ன கிடைக்கிறதோ அதில் ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டு, என்ன கிடைத்தது, தோராய மதிப்பு, இடம், தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். சொம்பையும் காசுகளையும் கருவூலத்தில் ஒப்படைத்துவிடுங்கள். தாமதத்துக்கான காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். யாருக்கும் சொல்லாமல் பங்கிட்டுக்கொள்வோம் என்று ஓர் ஒப்பந்தம் போட்டால் அது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. உங்கள் இருவருக்கும் எதிரான ஆவணமாக மட்டும் பயன்படும்.

காசுகள் 100 ஆண்டுக்கு மேற்பட்டவை என்றால் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணத்தை அறவே விடுங்கள்.

மோதிரத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். 916 என்ற ஹால்மார்க் முத்திரை இருந்தால் அது புதையல் அல்ல, அண்மைக் காலத்தில் யாரோ கடலில் குளிக்கும்போது தொலைத்த நகை. அதைக் காசுகளோடு சேர்க்காமல் தனியாகக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள்; உரியவரைத் தேடாமல் வைத்துக்கொண்டால் அது நேர்மையற்ற கையாடல் என்ற வேறொரு குற்றம்.